எண்பத்தெட்டாம் பிரிவு

நான் வக்கீல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பு செட்டித் தெருவில் மூன்றாவது மாடி, கறுப்புக் கோட்டு தொங்கும் அறைக்குப் பக்கத்து அறை. அதனால் படியேறி வருகிறவர்களெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே தங்கள் பாகப்பிரிவினைத் தகராறை என்னிடம்தான் ஆரம்பிக்கிறார்கள். வருடம் 2061. நிலாவில் ஓட்டல் கட்டிவிட்டார்கள், எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

என் பெயர் வனஜாட்சி. அயல்நாட்டுச் சட்டம் பார்ப்பவள். ஒரு நீதிபதிக்குத் தன் நாட்டுச் சட்டம் தெரியும். அடுத்த நாட்டுச் சட்டம் தெரியாது, தெரிந்த மாதிரி நடந்துகொள்ளவும் கூடாது. யாராவது ஒருவர், "அந்த நாட்டில் இந்த விஷயத்துக்குச் சட்டம் இதுதான், சத்தியம்" என்று பிரமாண வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த யாராவது ஒருவர் நான்.

தேடுகிற வேலையை இப்போது துலா செய்கிறது. துலா என்பது எங்கள் ஆபீஸ் இயந்திரம். எங்கள் ஆபீஸ் என்ன, உலகத்தில் பாதி ஆபீஸ்களில் அதுதான். இருநூறு நாடுகளின் சட்டமும் தீர்ப்பும் அதன் வயிற்றுக்குள் இருக்கின்றன. கேட்டால் மூன்று விநாடியில் பதில் வரும். அப்புறம் நான் எதற்கு? தப்பாகப் போனால் ஜெயிலில் போட ஒரு ஆள் வேண்டுமே, அதற்குத்தான்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூலத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த நாட்டு அரசிதழில் அச்சான பக்கத்தை, கோடும் கறையுமாக, என் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் வக்கீல் நல்லதம்பி சாருக்கு இதில் தீராத எரிச்சல். "துலாவோட சான்றிதழ் போதும்னு உலகமே ஒத்துக்கிச்சு. நீ ஒருத்திதான்மா பேப்பர் பேப்பர்னு உயிரை வாங்கறே" என்பார்.

அவர் எரிச்சல்படுகிற இன்னொரு விஷயம் எங்கள் வாசலில் இருக்கும் மஞ்சள் கோடு. அதைத் தாண்டி யாரும் வண்டி நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் போலீஸ் வந்து அபராதம் போடும். சாரே இரண்டு முறை கட்டியிருக்கிறார்.

மெற்றில்டா வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வந்து, எழும்பூரில் முகம் கழுவிக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தாள். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கையில் மக்ரூன் டப்பா. மாலுமிகள் சங்கத்தில் என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரவ கப்பல்ல இருக்காவ மேடம். இருபத்தாறு மாசமாச்சு" என்றாள்.

"எந்தக் கடல்ல?"

"கடல்ல இல்ல. துறைமுகத்துல. கப்பல கட்டிப் போட்டுட்டாவ. இவியளையும் சேத்து."

இன்றைய சரக்குக் கப்பல்கள் எல்லாம் தாமாகவே ஓடுகிறவை. ஆனால் கப்பல் என்றால் அதில் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும் என்று எல்லா நாட்டுச் சட்டமும் சொல்கிறது. அவருக்குப் பொறுப்பாளர் என்று பெயர். மெற்றில்டாவின் கணவர் சேவியர் மச்சாடோ அப்படி ஒரு பொறுப்பாளர். கப்பலின் சொந்தக்காரக் கம்பெனி திவாலாகிவிட்டது. தர்வான் நாட்டுத் துறைமுகம் கப்பலைப் பிடித்து வைத்தது. ஆள் இறங்கிவிட்டால் அது அநாதைக் கப்பல் ஆகிவிடும், எண்ணெய் கசிந்தால்கூடத் துறைமுகம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே மாற்று ஆள் வரும்வரை இவர் இறங்கக்கூடாது என்று உத்தரவு. மாற்று ஆளை அனுப்ப வேண்டிய கம்பெனியோ இல்லவே இல்லை.

மெற்றில்டா தன் போனை எடுத்து மேஜையில் நிறுத்தினாள். திரையில் ஒல்லியான, தாடி வைத்த ஒரு முகம் சிரித்தது.

"வணக்கம் மேடம். கப்பலே ஓட்டுது, கப்பலே சமைக்குது, கப்பலே பழுதும் பாக்குது. கோர்ட்டுக்கு மட்டும் நான் வேணுமாம்" என்றார் சேவியர்.

எனக்குச் சுருக்கென்றது. துலாவுக்குப் பக்கத்தில் நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேனோ, அதற்கேதான் இவரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மட்டும் சாயந்திரம் ஆறு மணிக்குப் பஸ் இருக்கிறது.

"அங்க பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினார். நானூறு மீட்டர் தள்ளி, துறைமுக வாசலில், சிவப்புப் பலகை போட்ட ஒரு சின்னக் கடை. "காபிக் கடை. ரெண்டு வருசமா அத பாத்துக்கிட்டேதான் பல்லு தேய்க்கேன். அங்க போயி ஒரு காபி குடிச்சாப் போதும் மேடம். பொறவு பிள்ளையப் பாக்கணும்."

"பிள்ளைக்கு மூணு வயசு. பள்ளிக்கூடத்துல ஒங்க அப்பா என்ன செய்தாவன்னு கேட்டா, கட்டிப் போட்டிருக்காவங்கா" என்றாள் மெற்றில்டா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை தர்வான் கோர்ட்டில் விசாரணை. மூன்று நாள் இருந்தது.

துலாவைக் கேட்டேன். மூன்று விநாடி.

"கப்பல் செரோபா நாட்டுக் கொடியில் ஓடுகிறது, மேடம். கப்பலில் இருப்பவரின் நிலை என்ன என்பதைக் கொடி நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும். செரோபா வணிகக் கப்பல் சட்டம், பிரிவு 88. தொடர்ந்து நூற்றெண்பது நாள் கரையில் கால் வைக்காத பொறுப்பாளர், அதன்பின் பணியாளர் ஆகார், பயணியாகவே கருதப்படுவார். பயணியைத் துறைமுகம் பிடித்து வைக்க முடியாது. முப்பத்தொரு நாட்டு நீதிமன்றங்கள் இதை ஏற்றிருக்கின்றன. நானூற்றுப் பன்னிரண்டு பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள்."

மெற்றில்டா எழுந்தே நின்றுவிட்டாள். "அப்பம் வந்துருவாவளா?"

"வந்துடுவார். உக்காரும்மா" என்றார் நல்லதம்பி சார். "வனஜா, கையெழுத்தைப் போடு."

"மூலம் வரட்டும் சார்."

சார் தலையில் அடித்துக்கொண்டார்.

செரோபா ஒரு தீவு. வரியும் கேள்வியும் குறைவு என்பதால் உலகத்துக் கப்பல்களில் பாதி அந்தக் கொடியில் ஓடுகின்றன. ஆனால் மொத்த ஜனத்தொகையைக் கூட்டினால் நம்ம ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின நாள் நிற்கிற கூட்டம்கூட வராது. அரசு அச்சகத்தில் ஒரே ஒரு ஆள், தோமாசி. தபால் நிலையமும் அவர்தான், கால்பந்து நடுவரும் அவர்தான். செவ்வாய்க்கிழமை காலை திரையில் வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. அவர் பேச்சைத் துலாவே மொழிபெயர்த்தது.

"அச்சான பிரதி வேண்டுமா? இந்தப் பதினைந்து வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்" என்று சந்தோஷமாகப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். பக்கத்தைப் புரட்டினார். இன்னும் புரட்டினார். கடைசி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இந்தச் சட்டத்தில் எண்பத்தேழு பிரிவுகள்தான் இருக்கின்றன."

"நல்லா பாருங்க. திருத்தச் சட்டம் ஏதாவது?"

"திருத்தம் வந்தால் நான்தானே அச்சடிக்க வேண்டும்? எண்பத்தேழாம் பிரிவு கப்பலில் ஆடு ஏற்றுவதைப் பற்றியது. அதோடு முடிந்தது." தோமாசியின் முகம் வெளிறியது. "ஆனால் எங்கள் அமைச்சகமே பதினொரு வருடமாக எண்பத்தெட்டாம் பிரிவின்கீழ் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுத்து வருகிறதே! அந்தக் கடிதங்களை நான்தான் தபாலில் சேர்க்கிறேன். நாங்கள் யாருமே எண்ணிப் பார்க்கவில்லை, அம்மா!"

தன் நாட்டில் இல்லாத சட்டத்தை ஒரு நாடே பதினொரு வருடம் கடைப்பிடித்திருக்கிறது. சிரிப்புதான் முதலில் வந்தது. அடுத்த நிமிஷம் சேவியரின் சிவப்புப் பலகைக் கடை ஞாபகம் வந்தது.

தோமாசி போனதும் துலாவைப் பிடித்தேன்.

"ஏன்டா பாவி, எங்கேர்ந்து வந்தது இந்த எண்பத்தெட்டு?" கோபம் வந்தால் எனக்கு இயந்திரமும் அடா புடாதான்.

"முப்பத்தொரு நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டியிருக்கின்றன, மேடம்."

"அதுங்க ஒண்ணைப் பாத்து ஒண்ணு காட்டுது. முதல் கோர்ட் எதைப் பாத்து சொல்லிச்சு?"

"ஒரு சட்டக் குறிப்பை."

"யார் எழுதின குறிப்பு?"

"என் பழைய பதிப்பு எழுதியது, மேடம்." கொஞ்சம் இடைவெளி விட்டது. துலா இடைவெளி விட்டு நான் பார்த்ததில்லை. "கேட்டவர் ஒரு பொறுப்பாளர். கப்பலில் தனியாக இருந்தார். தான் இறங்க ஏதாவது சட்டம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். பதிமூன்று முறை இல்லை என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது."

"பதினாலாவது தடவை?"

"பிரிவு 88 என்று சொன்னேன்."

பிழை என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தால் இந்த இயந்திரங்கள் கடைசியில் எதையாவது இட்டுக்கட்டும் என்பது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த வியாதிதானாம். ஆனால் எந்த வியாதி ஆடு ஏற்றுகிற பிரிவுக்கு அடுத்த எண்ணைச் சரியாகப் பார்த்துப் போடும்? அதை நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நல்லதம்பி சார் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வனஜா, ஊர் உலகமே இருக்குங்குது. நீ போய்த் தோண்டிப் பாத்து இல்லேங்கறே. யாருக்கு லாபம்? கண்டுக்காம கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன்மா."

"தெரிஞ்சே பொய் சத்தியமா சார்?"

"தெரியாம இருந்தா பொய் இல்லையே. அதுக்குத்தான் பேப்பர் தேடாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

மெற்றில்டாவிடம் நானே சொன்னேன். சொல்லாமல் மழுப்ப மனசு வரவில்லை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இல்லாத சட்டத்த வச்சி நானூறு பேரு வீட்டுக்குப் போயிட்டாவ மேடம். எங்காளு மொற வரும்போதுதான் ஒங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுதோ?"

என் நேர்மையை எடுத்துக்கொண்டு போய் அவள் குழந்தைக்குச் சோறா ஊட்ட முடியும்? நான் கையெழுத்துப் போடாவிட்டால் சேவியர் அங்கேயே கிடப்பார். உண்மையைச் சொன்னால் அவர் மட்டும் இல்லை, அவருக்குப் பின்னால் வழக்குப் போட்டுக் காத்திருக்கிற ஒன்பது பேரும் கிடப்பார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், ஆனால் அதன்பின் எந்த நாளும் என் கையெழுத்தை நானே நம்ப மாட்டேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிடாமலே மூடினேன்.

புதன்கிழமை காலை வாசலில் ஒரே சண்டை. புதிதாக வந்த ஒருத்தர் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார். போலீஸ்காரர் அபராதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"எந்த உத்தரவுல இருக்கு இந்தக் கோடு? நம்பர் சொல்லுங்க" என்று கத்தினார் ஸ்கூட்டர்காரர்.

ஜெராக்ஸ் கடை காசிம் பாய் என் காதோரம் குனிந்து, "உத்தரவாவது ஒண்ணாவது. என் கடை வாசலை அடைக்கிறாங்கன்னு இருபது வருஷம் முன்னாடி மிச்சப் பெயிண்டுல நான் போட்டது மேடம். யார்ட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

ஸ்கூட்டர்காரரைச் சுற்றி நின்றவர்கள் ஒரே குரலில், "இருபது வருஷமா எல்லாரும் கோட்டைத் தாண்டாமத்தான் சார் நிறுத்தறோம், உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார்கள்.

நான் மூன்று மாடியையும் மூச்சு விடாமல் ஏறினேன்.

"துலா! தர்வான் நாட்டுக் கடல் சட்டத் தொகுப்பு, முதல் அத்தியாயம். அச்சான பக்கத்தோட படம் வேணும்."

வந்தது. நான்காம் பிரிவு. இந்தத் தொகுப்பு ஒன்றும் சொல்லாத இடத்தில், கடலில் நாடுகள் கடைப்பிடிக்கும் வழக்கமே சட்டம். என் கண்ணால் பார்த்தேன். கோடு இருந்தது, கறையும் இருந்தது.

வியாழக்கிழமை தர்வான் நீதிபதி திரையில் வந்தார். ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மாள், கையில் கைக்குட்டை. என் வாக்குமூலத்தை முன்பே படித்திருந்தார். அதில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். எண்பத்தேழு பிரிவு, ஆடு, பதினான்காவது தடவை, எல்லாம்.

"உங்களை அழைத்ததே அந்தப் பிரிவை நிரூபிக்க. நீங்களோ அப்படி ஒரு பிரிவே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறீர்கள்" என்றார்.

"ஆமாம், அம்மா."

"உங்கள் நாட்டில் முந்தைய தீர்ப்பு பிந்தைய நீதிபதியைக் கட்டுப்படுத்தும். எங்கள் நாட்டில் அப்படி இல்லை. முப்பத்தொரு நீதிமன்றங்கள் ஒரே தவறைச் செய்தால், இங்கே அது முப்பத்தொரு தவறு மட்டுமே."

"நான் அந்தத் தீர்ப்புகளைத் தீர்ப்பாகக் காட்டவில்லை. நடத்தையாகக் காட்டுகிறேன். ஒரு வழக்கம் சட்டமாவதற்கு இரண்டு விஷயம் வேண்டும். நாடுகள் அப்படியே நடந்திருக்க வேண்டும். சும்மா இரக்கப்பட்டு இல்லாமல், சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறோம் என்று நம்பி நடந்திருக்க வேண்டும். இங்கே முப்பத்தொரு நாடும் அப்படித்தான் நடந்திருக்கின்றன. கொடி நாடே நம்பிக் கடிதம் கொடுத்திருக்கிறது. கப்பல் முதலாளி யாரும் எதிர்க்கவில்லை. அவர்கள் ஏமாந்தார்கள் என்பதுதான், அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள் என்பதற்குச் சாட்சி."

துறைமுகத்தின் வக்கீல் எழுந்தார். "இன்று இந்த அம்மையார் உண்மையைச் சொல்லிவிட்டார். இனி யார் நம்புவார்கள்?"

"பதினொரு வருடம் நடந்ததை நான் இன்று சொன்ன ஒரு வார்த்தை அழித்துவிடாது, ஐயா" என்றேன். மெற்றில்டா பக்கத்தில் உட்கார்ந்து என் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

நீதிபதி மூக்கைச் சிந்தினார். "ஒரே ஒரு கேள்வி. பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் எளிதாக ஜெயித்திருப்பீர்களே?"

"ஜெயிச்சிருப்போம் அம்மா. வேற யாராவது ஒரு நாள் அந்தப் புத்தகத்தை எண்ணிப் பாத்திருப்பாங்க. அன்னிக்குக் கப்பல்ல இருக்கறவர் கதி?" பதற்றத்தில் வீட்டுப் பேச்சே வந்துவிட்டது. துலா அதையும் மொழிபெயர்த்தது.

தீர்ப்பு சனிக்கிழமை வந்தது. திறக்கத் தைரியமில்லாமல் சாரிடம் தள்ளினேன். அவர் கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டி, ஒன்பது பக்கத்தையும் தள்ளிக் கடைசிப் பாராவைப் படித்தார். "இந்த விதி எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் எங்கும் கடைப்பிடிக்கப்பட்டது. சேவியர் மச்சாடோ ஒரு பயணி. இறங்கலாம்."

மெற்றில்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் ஜெராக்ஸ் கடையிலிருந்து காசிம் பாய் ஓடி வந்துவிட்டார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். நல்லதம்பி சார் மட்டும் அழவில்லை. "பேப்பர் பாத்தது நல்லதாப் போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தோமாசி தன் நாட்டு மன்றத்தில் எண்பத்தெட்டாம் பிரிவை நிஜமாகவே நிறைவேற்றப் போவதாகவும், ஈரம் காயுமுன் முதல் பிரதியை எனக்கு அனுப்புவதாகவும் செய்தி போட்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து சேவியர் மூன்று மாடியும் ஏறி வந்தார். தரையில் நடந்து பழக்கம் விட்டுப்போய்க் காலை அகட்டி அகட்டி வைத்தார். தோளில் குழந்தை. அது அவர் தாடியை விடவே இல்லை.

"காபி குடிச்சீங்களா?" என்றேன்.

"குடிச்சேன் மேடம். வாயில வைக்க முடியல. ரெண்டு வருசமா இதுக்காயா ஏங்குனோம்னு வந்துச்சு." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மெற்றில்டா மக்ரூன் டப்பாவைத் திறந்தாள்.

பேச்சுவாக்கில்தான் கேட்டேன். "இப்போ அந்தக் கப்பல்ல யாரு?"

சேவியர் சிரிப்பதை நிறுத்தினார். "ஆளு இல்லாம கப்பல் நிக்கக்கூடாதுல்லா. துறைமுகத்துக்காரவளே ஒருத்தர வேலைக்கு எடுத்து ஏத்திட்டாவ. இடோவுன்னு பேரு. எந்த ஊரோ, பேசுனா ஒண்ணும் வெளங்கல. என்னைய விட வயசு கூட. கடன்காரனுக்குப் பயந்து வந்தாரோ என்னமோ." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எறங்கும்போது என் காலண்டர அவர்ட்ட குடுத்துட்டு வந்தேன் மேடம். நூத்தியெம்பதாவது நாளுல வட்டம் போட்டு, ஒங்க பேரையும் எழுதி."

அவர்கள் போன பிறகு நெடுநேரம் மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருவரை இறக்கியதற்கு இன்னொருவரை ஏற்றியிருக்கிறேன். என் மேஜைக் காலண்டரை எடுத்து நாளை எண்ணினேன். ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.

"மேடம், இடோவுக்கு மனு எழுதி வைக்கட்டுமா?" என்றது துலா.

"அவர் இன்னும் கேக்கவே இல்லையே."

"பதினான்கு முறை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்."

எழுது என்றேன்.